ஜே-1 ஆ, ஹெச்-1பி ஆ? அமெரிக்காவுக்குப் போஸ்ட்டாக் கிளம்புகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இந்தியாவில் உயிரியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக் இடம், அதாவது பிஎச்.டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி, கிடைத்திருக்கிறது. அவர்கள் தருவது, குறிப்பிட்ட காலம் வந்து போகிறவர்களுக்கான ஜே-1 விசா. “ஜே-1இல் போகாதே, மாட்டிக்கொள்வாய், ஹெச்-1பி கேட்டு வாங்கு” என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஹெச்-1பி என்பது நிறுவனம் மனு போட்டு வாங்கித்தரும் வேலை விசா. கணவர் மென்பொருள் பொறியாளர், அவரும் அங்கே வேலை பார்க்க வேண்டும். பிறகு கம்பெனியா, பேராசிரியர் வேலையா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐரோப்பா இதைவிடத் தேவலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஜே-1இலேயே போங்கள். சீனியர்கள் சொன்னது அவர்கள் காலத்துக்குச் சரியான அறிவுரைதான். அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறிவிட்டன.

முதலாவது, ஜே-1இன் மேல் இருந்த பெரிய பயம். இந்த விசாவில் வருகிறவர்களில் சிலருக்கு ‘இரண்டு ஆண்டு விதி’ பொருந்தும். அதாவது, ஆய்வு முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தால்தான் ஹெச்-1பியோ, நிறுவனத்துக்குள் இடம் மாறுகிறவர்களுக்கான எல் விசாவோ, கிரீன் கார்டோ வாங்க முடியும். இந்தியர்கள் பலர் இதில் சிக்கியதற்குக் காரணம், எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருந்த ‘ஸ்கில்ஸ் லிஸ்ட்’. 2024 டிசம்பர் 9 அன்று அந்தப் பட்டியலைத் திருத்தியபோது இந்தியாவையும் சீனாவையும் இன்னும் பல நாடுகளையும் எடுத்துவிட்டார்கள். பட்டியலை மட்டும் வைத்து முன்பு மாட்டியிருந்தவர்களுக்கும் அந்த விடுதலை கிடைத்தது.

ஆனால் பட்டியல் போனதால் விதியே போய்விடவில்லை. அரசுப் பணத்தில் வந்தால் இன்றும் பொருந்தும். ஃபுல்பிரைட் போன்ற அமெரிக்க அரசு உதவித்தொகையானாலும், இந்திய அரசு கொடுத்தனுப்பும் வெளிநாட்டு ஃபெலோஷிப்பானாலும் கதை ஒன்றுதான். உங்கள் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வரும் சாதாரணச் சம்பளம் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. ஆகவே சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆஃபர் கடிதத்தில் தெளிவாகப் பாருங்கள். ஜே-1க்காகப் பல்கலைக்கழகம் தரும் டிஎஸ்-2019 படிவம் கைக்கு வந்ததும் நிதி விவரம் போட்டிருக்கும் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். விசா ஸ்டாம்பில் அதிகாரி ‘விதி பொருந்தும்’ என்று தவறாகக் குறித்துவிடுவதும் உண்டு. அவர் குறித்தது முடிந்த முடிவல்ல. விதி பொருந்துமா என்று வெளியுறவுத் துறையிடம் ‘அட்வைசரி ஒப்பீனியன்’ கேட்டு வாங்கலாம்.

உண்மையிலேயே விதி பொருந்தினால் வெய்வர், அதாவது விதிவிலக்கு, கேட்க வேண்டும். இந்தியர்களுக்கு வழக்கமான வழி, தூதரகத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் பெறுவது. ஃபுல்பிரைட்காரர்களுக்கு இது பெரும்பாலும் எடுபடாது. இதில் ஒரு பொறி இருக்கிறது: வெய்வருக்குப் பரிந்துரை வந்துவிட்டால் அதன்பிறகு ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. முதல் ஆண்டிலேயே அவசரப்பட்டு வெய்வர் வாங்கினால், மிச்ச ஆண்டுகளை இழக்க நேரும்.

இரண்டாவது மாற்றம் ஹெச்-1பி பக்கம். 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்காகப் புதிதாகப் போடும் ஹெச்-1பி மனுவுக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் ஆணை வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அதில் தனி விலக்கு இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் நிர்ணயித்த போஸ்ட்டாக் உதவித்தொகை, அனுபவமே இல்லாதவருக்கு, 2024இல் ஆண்டுக்கு 61,008 டாலர். ஓர் ஆளின் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தை விசாவுக்கே கட்ட எந்த ஆய்வகத் தலைவர் சம்மதிப்பார்? “ஹெச்-1பி கொடுங்கள்” என்று இப்போது வெளியிலிருந்து கேட்டால் இடமே கைநழுவக்கூடும். அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றத் துறை கொடுத்த விளக்கத்தின்படி, ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் வேறு விசாவில் இருப்பவர் அங்கிருந்தபடியே ஹெச்-1பிக்கு மாறினால், அந்த மாற்றம் ஏற்கப்படும்பட்சத்தில், இந்தக் கட்டணம் இல்லை. ஜே-1இல் நுழைந்து உள்ளேயே மாறுவதுதான் இப்போதைக்கு அறிவுள்ள பாதை. இந்த ஆணைகள் நீட்டிக்கப்படலாம், வழக்கில் மாறலாம். கையெழுத்துப் போடும் வாரத்தில் நிலவரத்தைச் சரிபாருங்கள்.

மாறும்போது ஓர் எச்சரிக்கை. மனு பரிசீலனையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், நிலை மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். மனு தூதரக வழிக்குத் திரும்பும், கட்டணமும் கூடவே வந்து நிற்கும். அந்த மாதங்களில் ஊருக்கு வருவதாகத் திட்டம் போடாதீர்கள்.

இனி ஜே-1இன் உள்விவரம். ‘ரிசர்ச் ஸ்காலர்’ பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டுகள். ஆனால் டிஎஸ்-2019ஐப் பல இடங்களில் ஓராண்டு ஓராண்டாகவே தருவார்கள். முதலிலேயே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கேளுங்கள், விசாவின் காலமும் அதை ஒட்டியே வரும். 5 ஆண்டு என்பது ஒரே தொடர்ச்சி. இடையில் ஜே-1 ஆய்வுத் திட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், மறுபடி அதே பிரிவில் வர 24 மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஓராண்டு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி டிரான்ஸ்ஃபர் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. திட்டம் முடிந்தபின் கிளம்ப 30 நாள் அவகாசம். இந்த விசாவில் கம்பெனி வேலைக்கு வழியே கிடையாது. மாணவர்களாக ஜே-1இல் வருகிறவர்களுக்கு ‘அகடமிக் டிரெய்னிங்’ என்று ஒன்று உண்டு, ஆய்வாளர்களுக்கு அது இல்லை.

பணத்தில் ஜே-1 கொஞ்சம் கருணையானது. முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் இல்லை. சம்பளத்தில் 7.65 சதவீதம் மிச்சம். ஆண்டின் ஒருநாள் இருந்தாலும் முழு ஆண்டாகவே எண்ணுவார்கள் என்பதால், டிசம்பர் கடைசியில் போய் இறங்குவது வீண். ஜனவரியில் சேர முடியுமா என்று கேளுங்கள். அதோடு இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் வசித்தவர் நேரே பல்கலைக்கழக ஆய்வுக்கு வந்தால், வந்திறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அந்தச் சம்பளத்துக்கு மத்திய வருமான வரி விலக்குக் கேட்கலாம். அதைவிட நீண்ட காலம் தங்கும் திட்டம் இருந்தால் விலக்கு நிற்குமா என்று முதலிலேயே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது தானாக நடக்காது. படிவம் 8233ஐ நிரப்பிச் சம்பளப் பிரிவில் கொடுக்க வேண்டும். சில மாநிலங்கள், கலிஃபோர்னியா அதில் ஒன்று, ஒப்பந்தத்தை மதிக்காமல் மாநில வரியைப் பிடித்துவிடும்.

கணவர் விஷயத்திலும் ஜே-1தான் மேல். அவர் துணைவருக்கான ஜே-2இல் வந்து, ஐ-765 படிவம் போட்டு வேலை அனுமதி வாங்கினால் எந்த நிறுவனத்திலும் சேரலாம். அவருடைய வருமானம் உங்கள் செலவை நடத்தத் தேவை என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதக் கூடாது, அது விதி. அனுமதி வரச் சில மாதங்கள் பிடிக்கும். ஹெச்-1பியாக இருந்தால் துணைவருக்கு ஹெச்-4. அதில் வேலை அனுமதி வேண்டுமென்றால் பொதுவாக உங்களுடைய ஐ-140 எனும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பின்னால் சொல்லப்போகும் ஓ-1 விசாவில் இருப்பவரின் துணைவர் ஓ-3இல் வேலையே பார்க்க முடியாது. ஹெச்-1பிக்கு மாறும் நாளை முடிவு செய்யும்போது வீட்டில் யாருடைய சம்பளம் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், அல்லது மனைவியர் விஷயத்தில் மறந்த மாதிரி இருந்துவிடுகிறார்கள்.

எல்லாரும் ‘எந்த விசா’ என்று கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, நான்காம் ஆண்டில் உங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்பது. அமெரிக்க விசா முறையில் பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால், அதில் முட்டிக்கொண்ட பிறகே பலருக்குத் தெரிகிறது.

ஹெச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்று உச்சவரம்பு உண்டு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகள், லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வகங்கள் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு கிடையாது. இவை ‘கேப் எக்ஸெம்ப்ட்’. எந்த மாதத்திலும் மனு போடலாம், லாட்டரி இல்லை. சுகமான ஏற்பாடுதான். ஆனால் இப்படி வாங்கிய ஹெச்-1பியோடு ஒரு மருந்து கம்பெனிக்கு மாற நினைத்தால், பயன் ஒன்றும் இல்லை. புதிதாக மார்ச் மாத லாட்டரியில் பெயர் கொடுத்து, விழுந்தால் அக்டோபர் 1இல் சேர வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஹெச்-1பியில் கழித்த ஆண்டுகளோ, 6 ஆண்டு மொத்தக் கணக்கில் கழிந்துகொண்டே இருக்கும்.

லாட்டரியும் பழைய மாதிரி இல்லை. 2026 முதல் ஊதிய நிலை உயர உயரத் தேர்வாகும் வாய்ப்பும் உயரும்படி மாற்றியிருக்கிறார்கள். தொடக்க நிலைச் சம்பளத்தில் சேரும் விஞ்ஞானிக்கு இது பாதகம். கம்பெனியோடு பேசும்போது பதவியின் பெயரும் நிலையும் விசாவுக்கும் சேர்த்தே முக்கியம் என்பதை நினைவில் வையுங்கள்.

வேலியைத் தாண்ட வேறு வழிகளும் உண்டு. ஒன்று, பல்கலைக்கழக வேலையை வைத்துக்கொண்டே, அதற்கு இணையாகக் கம்பெனியும் உங்களுக்கு ஹெச்-1பி போடலாம். பல்கலைக்கழக வேலை தொடரும் வரை அதற்கு லாட்டரி தேவையில்லை. பேராசிரியரின் ஸ்டார்ட்-அப்பில் பகுதி நேரம் சேர்கிறவர்களுக்கு இது உதவுகிறது. இரண்டாவது ஓ-1, அசாதாரணத் திறமைக்கான விசா. எட்டு அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும். லாட்டரியும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. பெயரைப் பார்த்து நோபல் பரிசு வேண்டுமோ என்று பயப்படாதீர்கள், நல்ல போஸ்ட்டாக்குகள் பலருக்குக் கிடைக்கிறது. இரண்டு ஆண்டு விதியில் மாட்டியவர்களும்கூட வெளிநாட்டுத் தூதரகத்தில் ஸ்டாம்ப் வாங்கி ஓ-1இல் திரும்ப வரலாம்.

மூன்றாவது, கிரீன் கார்டு. நான் எல்லாருக்கும் சொல்வது: இதைக் கடைசியில் வைக்காதீர்கள்.

வேலை வழிக் கிரீன் கார்டில், உயர்படிப்புப் படித்தவர்களுக்கானது இபி-2, அதற்கும் மேல்படி இபி-1. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 பிரிவின் வரிசை பத்து ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு மொத்தத்தில் 7 சதவீதம்தான் என்ற விதியின் விளைவு அது. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள். கணவரோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அவருடைய நாட்டு வரிசையில் நிற்கலாம். இபி-1 வரிசையும் இந்தியர்களுக்குச் சில ஆண்டுகள் பின்னால்தான் இருக்கிறது என்றாலும் இபி-2ஐவிட எவ்வளவோ மேல்.

வரிசையே நகரவில்லை, மனு போட்டு என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இரண்டு. மனு போட்ட தேதி உங்கள் ‘பிரையாரிட்டி டேட்’ ஆகிறது. மனு ஏற்கப்பட்டபின் அந்தத் தேதி உங்களுடையது. நாளை இபி-1இல் வேறு மனு போட்டு ஏற்கப்பட்டாலும் பழைய தேதியை அங்கே எடுத்துப் போகலாம். அடுத்து, ஐ-140 ஏற்கப்பட்டு, வரிசை வராமல் காத்திருப்பவருக்கு ஹெச்-1பியை 6 ஆண்டுக்கு மேலும் மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கலாம். துணைவருக்கு ஹெச்-4 வேலை அனுமதியும் இதிலிருந்தே வருகிறது. ஐந்து பத்து ஆண்டு தாங்கும் அடித்தளம் அந்த ஒரு மனு.

போஸ்ட்டாக்குக்குப் பொருந்தும் மனுக்கள் எவை? இபி-2இல் ‘நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர்’ என்று ஒன்று. முதலாளி வேண்டாம், நீங்களே போடலாம். 2016இல் வந்த தனசார் தீர்ப்புதான் இதற்கு அளவுகோல்: செய்யும் பணி தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உள்ளதா, அதை முன்னெடுக்கும் நிலையில் இவர் இருக்கிறாரா, வேலை வாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்துவது நாட்டுக்கு நல்லதா என்று மூன்று கேள்விகள். இபி-1ஏயும் நீங்களே போடுவதுதான், பத்து அளவுகோல்களில் மூன்று, ஆனால் தரம் கடுமை. இபி-1பி முதலாளி போடுவது. மூன்று ஆண்டு ஆய்வு அனுபவமும் நிரந்தரத் தன்மையுள்ள ஆய்வுப் பதவியும் வேண்டும் என்பதால் போஸ்ட்டாக் பதவியில் இருக்கும்போது பெரும்பாலும் கிடைக்காது.

ஜே-1இல் இருக்கும்போதே ஐ-140 போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் ஜே-1 என்பது திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவருக்கான விசா. குடியேற விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்டாம்பிங்குக்குத் தூதரகத்தில் நின்றால் சிக்கல் வரலாம். ஹெச்-1பியில் இந்த முரண்பாடு இல்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டு ஜே-1, பிறகு உள்ளேயே ஹெச்-1பி, கையோடு ஐ-140 என்பது எனக்குச் சரியாகப் படும் வரிசை. ஸ்டாம்ப் கையில் நெடுங்காலம் இருந்து, பயணமும் இல்லையென்றால் சிலர் முன்கூட்டியே போடுகிறார்கள், அது அவரவர் துணிச்சல்.

மனுவுக்கான சான்றுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். யாருடைய கட்டுரையை மதிப்பீடு செய்தீர்கள் என்பதற்கான மின்னஞ்சல், மாநாட்டு அழைப்பு, உங்கள் முறையைப் பிற ஆய்வகங்கள் பயன்படுத்தியதற்கான மேற்கோள், எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். பரிந்துரைக் கடிதங்களில் உங்களோடு சேர்ந்து வேலை செய்யாதவர்களின் கடிதத்துக்குத்தான் கனம் அதிகம். ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று விளம்பரம் செய்யும் வக்கீல்களைத் தவிர்த்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு ஆய்வாளர் அலுவலகம் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் நலனை. ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துச் சொந்த வக்கீலிடம் ஒருமுறை பேசுவது வீண் செலவல்ல.

வேலைப் பாதைகளுக்கு வருகிறேன். பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால், போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் வேலைக்கு மாற உதவும் என்ஐஎச்சின் கே99/ஆர்00 விருதுதான் வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு. கிரீன் கார்டோ குடியுரிமையோ தேவையில்லை, போஸ்ட்டாக் ஆய்வு அனுபவம் 4 ஆண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பேராசிரியரோடு உட்கார்ந்து எதைத் தனியே எடுத்துச் செல்லலாம் என்று பேசிவிடுங்கள். எஃப்32, டி32 போன்ற மற்ற என்ஐஎச் உதவித்தொகைகள் உங்களுக்கு இல்லை. அவற்றைப் பார்த்து ஏங்கி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டால் விசா எளிது. ஹெச்-1பி கேப் எக்ஸெம்ப்ட், கற்பிக்கும் பதவி என்பதால் தகுந்த உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்று காட்டி கிரீன் கார்டுக்காக வாங்கும் தொழிலாளர் சான்றிதழிலும் தனிச் சலுகை, தேர்வான 18 மாதங்களுக்குள் போட வேண்டும்.

கம்பெனிதான் என்று மனதில் இருந்தால், ஐந்து ஆண்டு போஸ்ட்டாக் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு, மூன்று ஆண்டில் ஒரு நல்ல கட்டுரையும் கம்பெனிகள் தேடும் ஒரு நுட்பமும் கைவந்தால் கிளம்பலாம். லாட்டரி மார்ச்சில் என்பதால் வேலை தேடலை முந்தைய கோடையிலேயே தொடங்குங்கள். பல கம்பெனிகள் ஜே-1 என்றதும் தயங்கும். இரண்டு ஆண்டு விதி உங்களுக்கு இல்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், பாதித் தயக்கம் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதையை யாரும் பேசுவதில்லை. பிராட் இன்ஸ்டிட்யூட், ஆலன் இன்ஸ்டிட்யூட் போன்ற லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களின் கருவி மையங்களிலும் ‘ஸ்டாஃப் சயன்டிஸ்ட்’ பதவிகள் இருக்கின்றன. மானியம் எழுதும் சுமை குறைவு, லாட்டரி இல்லை, பதவி நிரந்தரத் தன்மையுள்ளதாக இருந்தால் இபி-1பியும் போடலாம். விசாக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வெளிநாட்டவருக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான். காப்புரிமைத் துறையில் ஆர்வம் இருந்தால், தற்காலிக விசாவில் இருப்பவரும் தேர்வெழுதி, விசா அனுமதிக்கும் அளவுக்கு வரையறுத்த அங்கீகாரத்தோடு பேட்டண்ட் ஏஜென்டாக வேலை பார்க்கலாம். முழுப் பதிவு கிரீன் கார்டுக்குப் பிறகு.

ஐரோப்பா பற்றி. நிரந்தர வசிப்பிடம்தான் முதல் குறிக்கோள் என்றால் அங்கே கணக்கு எளிது, பிறந்த நாட்டு வரிசை கிடையாது. ஜெர்மனியில் ப்ளூ கார்டு எனும் உயர்தகுதி வேலை அனுமதியோடு 27 மாதங்களில், ஜெர்மன் மொழி பி1 நிலை இருந்தால் 21 மாதங்களில், நிரந்தர அனுமதி கேட்கலாம். ஆனால் அங்கே பிஎச்.டிக்குப் பின் பல்கலைக்கழகத் தற்காலிக ஒப்பந்தம் பொதுவாக 6 ஆண்டுக்கு மேல் போகாது, நிரந்தரப் பதவிகளோ சொற்பம். நாடு உங்களை வைத்துக்கொள்ளும், பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளாது. பிரிட்டனின் குளோபல் டேலன்ட் விசா ஆய்வாளர்களுக்கு நல்ல ஏற்பாடு: முதலாளியோடு கட்டிப்போடாது, ஆய்வுத் துறையினர் 3 ஆண்டில் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம், துணைவரும் வேலை பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருவருக்கு 1,035 பவுண்டு என்ற சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும்போதுதான் வலிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் கண் இருந்தால் ஒரு விதி: விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வுக்குப் போகவிருக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. முதலில் போய் இறங்கிவிட்டு அப்புறம் நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்றால் தகுதி போய்விடலாம்.

திரும்பி வரும் வழியையும் திறந்து வையுங்கள். ராமலிங்கசாமி, ராமானுஜன் ஃபெலோஷிப்கள் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்காகவே இருக்கின்றன. இளம் ஆய்வாளர்களுக்கான இன்ஸ்பயர் ஃபேகல்ட்டிக்கு வயது வரம்பு உண்டு, போஸ்ட்டாக் நீண்டால் அது நழுவிவிடும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். பல்கலைக்கழகத்திடம் நான்கு கேள்விகள்: என் சம்பளம் எந்த நிதியிலிருந்து? டிஎஸ்-2019 எத்தனை ஆண்டுக்கு? ஜனவரியில் சேரலாமா? இரண்டு மூன்று ஆண்டு கழித்து உள்ளிருந்தே ஹெச்-1பிக்கு மாற்ற உங்கள் துறை மனு போடுமா, அதற்கு என்ன சம்பளம் வேண்டும்? கடைசிக் கேள்விக்குச் சில இடங்களில் ‘போஸ்ட்டாக்குகளுக்கு ஹெச்-1பி போடுவதில்லை’ என்ற கொள்கை இருக்கும். அப்படிப் பதில் வந்தால் இடத்தை உதற வேண்டாம். மூன்றாம் ஆண்டில் வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டியிருக்கும் என்று இப்போதே திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.